நல்ல தோல் சாயத்துக்கு அஞ்சாது

விலை உயர்ந்த தோல் பூட்ஸின் நிறத்தை வீட்டில் மாற்றக் கூடாது என்பது காலணி விற்போரிடமும் வாங்குவோரிடமும் வேரூன்றிவிட்ட கருத்து. அதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. சாயத்தில் உள்ள ஆல்கஹால் தோலை வறட்டி வெடிக்க வைத்துவிடும் என்பது முதலாவது. சாயம் நிலைக்காமல் காலுறையிலும் கால்சட்டையிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பது இரண்டாவது. தொழிற்சாலை தரும் சீரான நிறம் கைவேலையில் வராது என்பது மூன்றாவது. செய்தவர் கொடுத்த நிறமே அந்தப் பூட்ஸின் உண்மையான நிறம், அதை மாற்றுவது பொருளையே சிதைப்பது என்பது நான்காவது. கூடவே ஓர் அறிவுரையும் வரும்: ஆசை இருந்தால் மலிவான பூட்ஸில் முயன்று பார்க்கலாம், நல்லதைத் தொடக் கூடாது.

இந்த அறிவுரை தலைகீழானது. வீட்டில் ஏற்றும் சாயம் பிடிக்காமல் திட்டுத்திட்டாக உரிந்துபோவது பெரும்பாலும் மலிவான தோலில்தான். எந்தக் குணம் ஒரு தோலை உயர்தரமாக்குகிறதோ, அதே குணம்தான் அதைச் சாயம் ஏற்கும் தோலாகவும் ஆக்குகிறது. தோலுக்கு நிறம் எங்கே, எப்போது ஏறுகிறது என்று தெரிந்தால் இது விளங்கிவிடும்.

மாட்டுத்தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் அடர்த்தியாகப் பின்னிய வலை. மேற்பரப்பில் இழைகள் மிக நுண்ணியவை, நெருக்கமானவை. மயிர்க்கால் துளைகள் தெரியும் அந்தப் பகுதியைத் தொழிலில் கிரெயின் என்பார்கள். அதற்குக் கீழே இழைகள் தடித்துத் தளர்ந்து ஓடும். இந்த இழைகள் அழுகாமலும் காய்ந்து விறைக்காமலும் இருக்க அவற்றை வேதிப்பொருளால் பிணைப்பதுதான் பதனிடுதல். இன்று பெரும்பகுதித் தோல் குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ குரோமியம் பதனீடு நடக்கும் தொழிற்சாலைக்குள் நுழைந்தால், இந்தக் கட்டத்துத் தோல் ஈரமாக, வெளிர் நீலமாக அடுக்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். 'வெட் புளூ' என்பது அதன் பெயர். நாளை கறுப்பு பூட்ஸாகப் போவதும் பழுப்பு பூட்ஸாகப் போவதும் அங்கே ஒரே நீலம்தான். பிறகு அதைத் தடிமன் சீராகும்படி சீவி, சுழலும் பெரிய டிரம்மில் போட்டு, நீரில் கரைத்த சாயத்தோடு உருட்டுகிறார்கள். எண்ணெய்க் குழம்பும் அங்கேயே சேர்கிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் வழுக்கி அசைவதற்கு அது வேண்டும். உலர்த்தி எடுத்தால் 'கிரஸ்ட்'.

தரம் பிரியும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மாடு உயிரோடு இருந்தபோது முள் கீறியதும் உண்ணி கடித்ததும் கிரெயினில் தழும்பாக நிற்கும். தழும்பு குறைந்த தோலுக்கு மெல்லிய மெழுகோ பிசினோ பூசினால் போதும். அதில் துளைகள் கண்ணுக்குத் தெரியும், நிறம் இழைக்குள்ளே இருக்கும். அனிலின் தோல் என்று தொழிலில் அழைக்கப்படுவது இதுதான். தழும்பு மிகுந்த தோலின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, நிறமி கலந்த பாலியூரித்தேன் அல்லது அக்ரிலிக் பூச்சைத் தெளித்து, அதன்மேல் செயற்கையான ரேகைகளை அழுத்திப் பதிக்கிறார்கள். இதற்கு கரெக்டெட் கிரெயின் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் அதன் நிறம் தோலுடையதன்று, மேலே படிந்த பிளாஸ்டிக் படலத்துடையது. இரண்டுக்கும் நடுவே, உள்ளே சாயமும் மேலே மெல்லிய நிறமிப் பூச்சும் கொண்ட செமி அனிலின் தோல்களும் உண்டு.

வீட்டில் பயன்படும் தோல் சாயம் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைந்த சாயம். மில்வாக்கியில் 1895இல் தொடங்கிய ஃபீபிங்ஸ் நிறுவனத்தின் சாயமும் இந்த வகைதான். ஆல்கஹால் இழைகளுக்கிடையே ஊடுருவும்போது சாயத்தையும் சுமந்து போகிறது. பிறகு ஆவியாகிவிடுகிறது, சாயம் இழையில் தங்குகிறது. அனிலின் தோலில் இதற்குத் தடை மிகக் குறைவு. கரெக்டெட் கிரெயினிலோ சாயம் பிளாஸ்டிக் படலத்தின் மேலேயே நின்றுவிடுகிறது. நாலு தடவை நடந்தால் மடிப்பில் உரிகிறது. வீட்டுச் சாயத்தால் பூட்ஸ் பாழானதாகச் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றின் மூலம் இதுவே. படலத்தில் கண்ட தோல்வியைத் தோலின் தோல்வியாகக் கருதி, அதை நல்ல தோலுக்கும் நீட்டியதில்தான் பொதுக்கருத்து பிழைபட்டது.

கையிலிருப்பது எந்தத் தோல் என்று கண்டறிவதும் கடினமல்ல. பூட்ஸின் நாக்குப் பகுதியில், லேஸுக்கு அடியில் மறையும் இடத்தில், ஒரு சொட்டு நீர் விட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் கருத்து நீரை உறிஞ்சினால் தோல் திறந்திருக்கிறது. சொட்டு முத்துப்போல நின்றால் மெழுகோ படலமோ தடுக்கிறது. எது தடுக்கிறது என்பதை அசிட்டோனில் நனைத்த பஞ்சு சொல்லிவிடும். மெழுகானால் பஞ்சு சற்றே அழுக்காகும், அந்த இடம் மங்கலாகும், அடுத்த சொட்டு நீர் உள்ளே இறங்கும். படலமானால் பிசுபிசுப்பாக இளகிப் பஞ்சில் வண்ணக்கூழாகத் திரளும், அல்லது அசிட்டோனையே சட்டை செய்யாமல் பளபளத்துக்கொண்டிருக்கும். இன்னொரு அடையாளம் விரலால் தெரிவது. எண்ணெய் மிகுந்த நல்ல தோலை அடியிலிருந்து விரலால் அழுத்தி வளைத்தால் வளைவின் உச்சியில் நிறம் வெளிறி, விட்டதும் திரும்பும். உள்ளிருக்கும் எண்ணெயும் மெழுகும் விலகி மீள்வதால் அப்படி நிகழ்கிறது. பிளாஸ்டிக் பூச்சில் இந்த ஓட்டம் தெரியாது.

இந்த எண்ணெய்த் தோலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சிகாகோவில் 1905இல் நிறுவப்பட்ட ஹார்வீன் பதனீட்டு நிறுவனத்தின் குரோமெக்சல். முதலில் குரோமியத்தாலும் பிறகு மரப்பட்டைச் சாறுகளாலும் பதனிட்டு, சூடான எண்ணெயும் கொழுப்பும் மெழுகும் ஏற்றி உருவாக்கும் தோல் அது. அமெரிக்க வெல்ட் பூட்ஸ்களில் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. அதன் சாயமேற்றாத இளம்பழுப்பு வகையை வாங்கிச் சில ஆண்டு அணிந்து, கறை ஏறியபின் அடர்பழுப்பாகவோ கறுப்பாகவோ மாற்றிக்கொள்வது பூட்ஸ் பிரியர்களிடம் வழக்கமாகவே இருக்கிறது. மேலே சொன்ன நான்கு குற்றச்சாட்டுகளையும் இந்தத் தோலை வைத்தே சோதிக்கலாம்.

முதல் குற்றச்சாட்டு வறட்சி. ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் ஈரத்தையும் மேற்பரப்பு எண்ணெயில் ஒரு பங்கையும் கொண்டுபோகிறது என்பது உண்மை. சாயம் காய்ந்த மறுநாள் தோல் மொரமொரப்பாக, ஒளியிழந்து தெரிவது அதனால்தான். இது நிலையான சேதம் என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை. இழந்தது இழையன்று, இழைகளுக்கு நடுவே இருந்த எண்ணெய். அதைத் தோல் எண்ணெயாலோ கண்டிஷனராலோ திருப்பி ஊட்டலாம்; பூட்ஸ் பராமரிப்பில் எப்படியும் அவ்வப்போது செய்யும் வேலைதான் அது. தோல் பூட்ஸாக மாறும் பாதையில் எத்தனை முறை நனைந்து காய்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்த அச்சம் பொருளற்றது என்று தெரியும். பதனிடும்போது நனைகிறது, சாய டிரம்மில் நனைகிறது, அச்சுக் கட்டையின்மேல் இழுத்துப் பொருத்துவதற்காக ஈரமோ நீராவியோ ஊட்டப்படுகிறது. இத்தனையும் தாங்கி வந்த தோல், சில தேக்கரண்டி ஆல்கஹாலில் அழிந்துவிடும் என்பது தோலை அறியாதவர் பேச்சு.

பூட்ஸ் வெடிப்பதற்கான காரணங்கள் வேறு. மடிப்பில் சேர்ந்த மண்ணும் தூசும் நடக்கும்தோறும் இழைகளை அறுக்கின்றன. வியர்வையின் உப்பு படிகிறது. நனைந்த பூட்ஸை அடுப்பருகிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைத்துக் காயவைப்பது எல்லாவற்றிலும் கொடியது. மரப்பட்டையால் பதனிட்ட ஈரத்தோல் ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே சுருங்கிக் கெட்டுவிடும். எண்ணெய் ஊட்டாமல் பாலிஷை மட்டும் மேலும்மேலும் பூசுவதும் மடிப்பில் மெழுகுப் பாளங்களை உண்டாக்கும். அந்தப் பாளத்தின் வெடிப்பைத் தோலின் வெடிப்பென்று பலர் மயங்குகிறார்கள். சாயமேற்றும் வேலையோ, பழைய மெழுகை நீக்கி, மடிப்பைச் சுத்தம் செய்து, முடிவில் எண்ணெய் ஊட்டுவதைக் கட்டாயமாக்குகிறது. முறையாகச் சாயமேற்றிய பூட்ஸ் பல சமயம் முன்பைவிட மென்மையாகிவிடுவதற்குக் காரணம் இதுவே.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, எச்சரிக்கை செய்வோர் அதைக் கவனிப்பதில்லை. சாயத்தைவிடக் கடுமையானது அதற்கு முன் பூசும் மெருகுநீக்கி. பழைய பூச்சு முழுவதும் போக வேண்டும் என்று அசிட்டோனை விட்டு விடாமல் தேய்த்தால் கிரெயினின் மேற்பரப்பு சுரசுரத்து, எண்ணெய் ஆழம்வரை வற்றிவிடும். துணியை நனைத்துப் பிழிந்து, ஒரே திசையில், இரண்டு மூன்று முறை துடைத்தால் போதும். நீர்ச்சொட்டு இறங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, நிறம் ஒட்டும் என்பது. டிரம்மில் ஏறும் சாயம் அமில வகை. அது கொலாஜனோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. வீட்டில் தடவும் ஆல்கஹால் சாயத்துக்கு அவ்வளவு இறுக்கமான பிடிப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் துணியில் ஒட்டும் நிறம் இழைக்குள் போன சாயத்திலிருந்து வருவது அரிது. தோல் ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் பூசியதால் மேற்பரப்பில் தூளாகப் படிந்த மிச்சம்தான் ஒட்டுகிறது. கறுப்பின்மேல் வெண்கலம்போலவோ பச்சையாகவோ ஒரு மினுமினுப்பு தெரிந்தால் அந்த மிச்சம் நிற்கிறது என்று பொருள். ஒரு நாள் முழுதும் காயவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியால், துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைத்தெடுத்தால் பெரும்பகுதிப் பிரச்சினை தீர்ந்தது. அதன்பின் கண்டிஷனரும் மெழுகும் பூசினால் எஞ்சியதும் அடைபடும். தொழிற்சாலையும் சாயப் பிணைப்பை மட்டும் நம்பி இருப்பதில்லை. நிறம் ஒட்டாமலிருக்க மேலே ஒரு காப்புப் பூச்சு போட்டுத்தான் அனுப்புகிறது.

காலுறை கறையாகும் என்ற வாதத்தில் ஓர் எளிய உண்மை விடுபட்டுப் போகிறது. உள்புறம் தோலோ துணியோ கொடுத்துத் தைத்த பூட்ஸில் காலுறை தொடுவது உள்தோலைத்தான், சாயமேறிய மேல்தோலை அன்று. விளிம்பும் நாக்கின் பின்புறமும் மட்டுமே கவனத்துக்குரியவை. கணுக்காலுக்கு மேல் உள்தோல் இல்லாத பணிப் பூட்ஸ்களில் தோலின் சொரசொரப்பான பின்பக்கம் காலுறையைத் தொடும். குரோமெக்சல் போன்ற தோல் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. மெல்லிய பூச்சுகளாகத் தடவினால் சாயம் அதன் குறுக்கே முழுதும் ஊறிப் பின்பக்கம் வருவதில்லை. புட்டியைச் சாய்த்து ஊற்றினால்தான் வரும்.

மூன்றாவது, சீர்மை பற்றியது. தொழிற்சாலைத் தோலெல்லாம் ஒரே சீராக இருக்கும் என்ற எண்ணமே நிறமிப் பூச்சைப் பார்த்துப் பழகிய கண்ணின் எண்ணம். அனிலின் தோலில் முதுகுப் பகுதி ஒரு சாயலிலும் வயிற்றுப் பகுதி வேறு சாயலிலும் நிறம் ஏற்கும், ஏனெனில் இழை அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது. நல்ல பூட்ஸில் இடது காலும் வலது காலும் புதிதாக இருக்கும்போதே நுட்பமாக வேறுபடுவதுண்டு. அந்த வேறுபாட்டை மறைக்காமல் விடுவதற்காகவே அனிலின் தோலுக்கு விலை அதிகம்.

திட்டுத்திட்டாகும் வேலைகளைப் பார்த்தால் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: சாயம் அடர்த்தியாக இருந்தது, பூச்சு ஒன்றோடு முடிந்தது. நீர்த்த சாயத்தைப் பல பூச்சாகக் கொடுப்பதே கைவேலையின் அடிப்படை. லேஸைக் கழற்றி, குதிரைமயிர்த் தூரிகையால் தூசு நீக்கி, சேணச் சோப்பால் கழுவி, மெருகுநீக்கியால் துடைத்து, ஓர் இரவு காயவிட்ட பூட்ஸுக்குள் அச்சுக்கட்டை அல்லது காகிதம் திணித்து நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு பங்கு சாயத்துக்கு ஒரு பங்கு கரைப்பான் கலந்து, கம்பளி உருண்டை கட்டிய குச்சியால் சிறுசிறு வட்டமாகத் தடவ வேண்டும். குதிகால் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. கை பழகும்போது நேரும் தடுமாற்றம் அங்கே கண்ணில் படாது. தையலுக்குத் தையல் ஒவ்வொரு துண்டாக முடிக்க வேண்டும், ஒரு துண்டின் நடுவில் நிறுத்தினால் காய்ந்த விளிம்பு கோடாக நின்றுவிடும். விரல்மடிப்புப் பகுதியை வளைத்துப் பிடித்து மடிப்புக்குள்ளும் தடவாவிட்டால் முதல் நடையிலேயே பழைய நிறம் வரிவரியாக எட்டிப்பார்க்கும். முதல் பூச்சு எப்போதும் ஏமாற்றமாகவே தெரியும். ஈரத்தில் கருமையாகவும் காய்ந்ததும் வெளிறியும் எண்ணெய் ஊட்டியதும் மீண்டும் அடர்ந்தும் போவதால், இடையில் நிறத்தைத் தீர்மானிக்காமல் பொறுத்திருப்பது நல்லது. ஒரு ஜோடிக்கு 118 மில்லிலிட்டர் புட்டி ஒன்றுகூட முழுதாகத் தேவைப்படாது. சன்னல் திறந்த அறையும் கையுறையும் வேண்டும். பக்கத்தில் எரியும் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. இதில் எதற்கும் இயந்திரம் தேவையில்லை. காலணி பழுதுபார்க்கும் கடையிலும் இதே வகைச் சாயமும் இதே குச்சியும்தான். வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது, பழக்கம் வீட்டிலும் வரும்.

தோல் சாயம் ஒளி ஊடுருவும் பொருள், பெயின்ட்போல மறைப்பதில்லை. அடியில் இருக்கும் நிறமும் மேலே ஏறும் நிறமும் சேர்ந்தே கண்ணில் படும். இளம்பழுப்பின்மேல் சிவப்பு ஏற்றினால் செங்கல் சாயலும், நீலம் ஏற்றினால் பச்சை கலந்த கருமையும் வரும். நிறத்தை விருப்பப்படி வடிவமைக்கும் கலை முழுவதும் இந்தக் கலப்பில்தான் இருக்கிறது. முனையையும் குதிகாலையும் மட்டும் அடர்த்தியாக்கி நடுப்பகுதியை இலேசாக விடுவது, பழுப்பின்மேல் மெல்லிய கறுப்பு ஏற்றித் தேயத்தேயப் பழுப்பு வெளிவர விடுவது ஆகியவை டிரம்மில் ஒரே நிறமாக உருளும் தோலுக்குக் கிட்டாதவை. தையல் நூலையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்: பருத்தி நூல் தோலோடு சேர்ந்து நிறம் மாறும், பாலியெஸ்டர் நூல் பெரும்பாலும் பழைய நிறத்திலேயே நிற்கும். அதை அழகாக்குவதா குறையாக்குவதா என்பது தேர்ந்தெடுக்கும் நிறத்தைப் பொறுத்தது.

மரப்பட்டையால் பதனிட்ட தோலுக்குச் சாயப்புட்டிகூடத் தேவையில்லாத பழைய வழி ஒன்றுண்டு. இரும்புத் துருவலை வினிகரில் ஊறவைத்து, குமிழி அடங்கியபின் வடிகட்டித் தடவினால் இரும்பும் தோலிலுள்ள டானினும் கூடிச் சில நிமிடங்களில் கறுப்பாகின்றன. கலங்காரித் துணியில் கடுக்காய் ஏற்றிய இடத்தில் வெல்லமும் இரும்பும் ஊறிய நீர் பட்டதும் கறுப்புக் கோடு எழுவது இதே வேதிவினையால்தான். இந்தக் கறுப்பு இழைக்குள்ளேயே உருவாவதால் துணியில் ஒட்டுவது மிகக் குறைவு. நிறம் நிலைக்காது என்று சொல்வோருக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை. அமிலம் மிச்சமிருந்தால் தோலுக்குக் கேடு என்பதால் சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, எண்ணெய் ஊட்டி முடிக்க வேண்டும். குரோமியத்தால் மட்டும் பதனிட்ட தோலில் டானின் இல்லை, அதில் இந்த வழி பலிக்காது.

நான்காவது குற்றச்சாட்டு உண்மைத்தன்மை பற்றியது. நான்கில் இதற்குத்தான் பேச்சில் மதிப்பு அதிகம், வரலாற்றில் ஆதரவு குறைவு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல்கள் பெருமளவில் லண்டனுக்குப் போயின. அவை அரைகுறையாக முடித்த, நிறமேற்றாத தோல்கள். எண்ணெயூட்டலும் சாயமும் மெருகும் இங்கிலாந்தில் வேறு கைகளில் நடந்தன. பதனிட்டவர் ஒருவர், நிறம் கொடுத்தவர் மற்றொருவர், காலணி தைத்தவர் மூன்றாமவர். இதில் எந்தக் கையின் நிறத்தை மூலநிறம் என்று சொல்வது? பாரிஸில் 1895இல் தொடங்கிய பெர்லுட்டி நிறுவனத்தின் புகழே, தைத்து முடித்த காலணியின்மேல் தூரிகையாலும் துணியாலும் அடுக்கடுக்காக நிறமேற்றும் பட்டினா வேலையால் வந்தது. ஓல்கா பெர்லுட்டி அதை அந்த நிறுவனத்தின் அடையாளமாக்கினார். உலகின் மிக விலையுயர்ந்த காலணிகளில் ஒன்று, தைத்த பிறகு கையால் நிறமேற்றப்படுகிறது.

இதைவிடப் பெரிய சான்று ஒரு படை. அமெரிக்கத் தரைப்படையின் பூட்ஸ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செம்பழுப்பு நிறம். 1950களின் பிற்பாதியில் பச்சைச் சீருடை வந்தபோது காலணி நிறம் கறுப்பானது. கையிலிருந்த செம்பழுப்பு பூட்ஸைப் படைவீரர்கள் தாங்களே கறுப்புச் சாயம் ஏற்றி, பாலிஷ் போட்டுத் தொடர்ந்து அணிந்தார்கள். அந்த மாற்றத்துக்கு முன் சேர்ந்தவர்களைப் 'பழுப்புக் காலணிப் படை' என்று அழைக்கும் வழக்கம் பின்னாளிலும் இருந்தது. அவர்கள் சாயத்தொழில் பயின்றவர்கள் அல்லர், வேலை நடந்த இடம் படைவீட்டுத் தங்குமிடம். அந்த பூட்ஸோ மழையிலும் சேற்றிலும் அணிவகுப்பிலும் நாள்தோறும் உழைத்தவை.

மறுவிற்பனை மதிப்பு குறையும் என்பது மட்டும் உண்மை. விற்பதற்காகவே வாங்கிவைத்திருப்பவர் நிறத்தைத் தொடாமலிருப்பது சரி. அணிவதற்காக வாங்கியவருக்கு அந்த வாதத்தில் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை.

நிறம் போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்ற எளிய பதிலுக்கும் மறுப்பு தேவை, ஏனெனில் மற்ற எல்லா வாதங்களும் கடைசியில் வந்து சேர்வது அங்கேதான். குட்இயர் வெல்ட் முறையில் தைத்த பூட்ஸின் அடிப்பாகத்தைப் பிரித்துப் புதிதாகத் தைக்க முடியும். மேல்தோல் இரண்டு மூன்று அடிப்பாகங்களைத் தாண்டி உழைக்கும். அத்தகைய பூட்ஸில் முதலில் கெடுவது நிறம், கடைசியில் கெடுவது தோல். நிறத்துக்காக அதைத் தூக்கிப்போடுவது, நல்ல மேல்தோலை அதன் ஆயுளின் நடுவில் குப்பைக்கு அனுப்புவது. தோல் உற்பத்தியின் விலையைப் பாலாற்றங்கரை அறியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, பதனீட்டுக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியிழந்ததைக் குறிப்பிட்டது. அங்கே ஏற்கெனவே தண்ணீரும் மண்ணும் கொடுத்து உருவான ஒரு தோலை இன்னும் பத்தாண்டு அணியவைக்கும் வேலையைக் கேடு என்று பெயரிட்டு ஒதுக்குவது பொறுப்பற்ற அறிவுரை.

சாயமேற்றக் கூடாத தோல்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மறுப்பு நேர்மையாகாது. கரெக்டெட் கிரெயின் பற்றி மேலே சொல்லியாயிற்று. அதன் நிறத்தை மாற்றியே ஆகவேண்டுமானால் தோலுக்கென்று வரும் அக்ரிலிக் பெயின்ட்தான் வழி, அதுவும் படலத்தின்மேல் இன்னொரு படலம் என்பதால் மடிப்புகளில் ஆயுள் குறைவு. குதிரையின் பின்புறத் தோலிலிருந்து ஆறு மாதத்துக்கும் மேல் பதனிட்டு எடுக்கும் ஷெல் கார்டவன் மிக அடர்த்தியானது, மெழுகு நிறைந்தது. வீட்டுச் சாயம் அதில் சீராக இறங்குவது அரிது, தேய்ந்த விளிம்பை அதே நிறத்தில் தொட்டுச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஸ்வேட் தோலில் மேற்பூச்சே இல்லாததால் சாயம் மிக நன்றாகப் பிடிக்கும், ஆனால் தூவிகள் ஒட்டிக்கொண்டு விறைக்கும். காய்ந்தபின் பித்தளைக் கம்பித் தூரிகையால் நிமிர்த்த வேண்டும், சில வாரங்களுக்கு வெளிர்நிறக் கால்சட்டையோடு அணியக் கூடாது. கிரெயின் ஏற்கெனவே வெடித்துத் திறந்துவிட்ட பூட்ஸில் சாயம் வெடிப்பை மறைக்காது. வெடிப்பின் ஓரம் அதிகமாக உறிஞ்சிக் கோட்டை இன்னும் கருமையாகக் காட்டும். கறுப்பைப் பழுப்பாக்கவும் அடர்பழுப்பை மஞ்சளாக்கவும் எந்த வீட்டுச் சாயத்தாலும் முடியாது. இழைக்குள் ஏறிய நிறத்தை வெளுக்க முயலும் ப்ளீச் கொலாஜனையே அரித்துவிடும் என்பதால், நிறமாற்றம் எப்போதும் வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்தை நோக்கியே நடக்க வேண்டும்.